குழாய் இல்லாத குழாய்

1847 ஆம் ஆண்டு மார்ச் மாதம். வியன்னாப் பொது மருத்துவமனையில் யாக்கோப் கொலெட்ச்கா என்ற பேராசிரியர் பிரேதப் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவரின் கத்தி தவறி அவர் விரலில் பட்டது. சின்னக் காயந்தான். ஆனால் காய்ச்சல் கண்டது, உடல் முழுவதும் நஞ்சேறியது, சில நாட்களில் பேராசிரியர் இறந்துபோனார். வெனிஸ் நகருக்கு விடுமுறையில் போயிருந்த அவருடைய நண்பர் திரும்பிவந்து, கொலெட்ச்காவின் உடலைப் பரிசோதித்த அறிக்கையை வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருக்கு உடல் நடுங்கியது. அதே வரிகளை அவர் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான தடவை எழுதியிருந்தார், வேறு பெயர்களுக்குக் கீழே.

அந்த நண்பர் இக்னாஸ் செம்மல்வைஸ். பிரசவ விடுதியில் உதவி மருத்துவர். அங்கே இரண்டு பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பணிசெய்த முதற் பிரிவில் பிள்ளை பெற்ற தாய்மார் கூட்டங்கூட்டமாகக் காய்ச்சலில் செத்தார்கள். மருத்துவச்சிகள் பணிசெய்த இரண்டாம் பிரிவில் சாவு மிகக் குறைவு. முதற் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று பெண்கள் காலைப் பிடித்து அழுதார்கள். நோயாளிக்கு ஆசி வழங்க மணியடித்தபடி வரும் பாதிரியாரைக் கண்ட பயந்தான் காரணமோ என்றுகூடச் சந்தேகித்து, செம்மல்வைஸ் அவரை வேறு வழியாக வரச்செய்தார். சாவு குறையவில்லை. நண்பரின் அறிக்கையை வாசித்தபோதுதான் விடை தெரிந்தது. மாணவர்கள் காலையில் பிணங்களை அறுத்துவிட்டு, அதே கையோடு தாய்மாரைப் பரிசோதித்தார்கள். கொன்றது மருத்துவரின் கை.

கையிலிருந்து பிண வாடை போகவேண்டும் என்பதற்காகவே அவர் குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலைத் தேர்ந்தெடுத்தார். கிருமிதான் நோயைத் தருகிறது என்பதை மருத்துவ உலகம் அன்று அறிந்திருக்கவில்லை. வாடையை விரட்டப்போன மருந்து கிருமியையும் கொன்றது. ஏப்ரலில் 100 பேருக்கு 18 என்றிருந்த சாவு ஜூனில் 2 ஆக இறங்கியது. ஆனாலும் மூத்த மருத்துவர்கள் ஏற்கவில்லை. கனவான்களின் கை அழுக்காக இருக்குமா என்று சினந்தார்கள். செம்மல்வைஸ் 1865 இல் மனநல விடுதி ஒன்றில் இறந்தார். அவர் கண்டுபிடித்த உண்மை ஏறத்தாழ அவரோடு புதைந்தே போயிற்று.

அதே 1847 இன் ஒக்ரோபர் மாதத்தில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலிருந்து புறப்பட்ட இருபத்தைந்து வயது மருத்துவர் ஒருவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த ஆண்டு மானிப்பாய். மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ என்று நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் மருத்துவர்கள் அவரிடம் பயின்று வெளியேறினார்கள். ஆனால் அவர் வந்த காலத்தில் வாந்திபேதி ஊர் ஊராக வந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் காலையில் ஒருவர், மாலையில் இருவர். எதிரி எங்கிருந்து வருகிறான் என்று கிறீனுக்கும் தெரியாது, வியன்னாவுக்கும் தெரியாது. 1884 இன் தொடக்கத்தில் றொபேர்ட் கொக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் வாந்திபேதிக் கிருமி இருப்பதைக் கண்டார். அதே ஆண்டு மே மாதத்தில் கிறீன், தான் பிறந்த ஊரில் கண்மூடினார்.

எதிரி யார் என்பது தெரிந்தாயிற்று. இனி ஆயுதம். 1894 இல் இங்கிலாந்தில் வில்லியம் லீவர் கார்பாலிக் அமிலம் கலந்த சிவப்புக் கட்டி ஒன்றை விற்கத் தொடங்கினார். அதன் பெயர் லைஃப்போய். கப்பல்கள் அதைக் கொழும்புக்கும் கொண்டுவந்தன. 1938 இல் லீவர் நிறுவனம் இலங்கையிலேயே காலூன்றியது. கிருமியும் தெரியும், சவர்க்காரமும் கடையில் உண்டு. பிறகும் பேதி ஓயவில்லை. தடை எங்கே இருந்தது என்பதை அறிய மருத்துவ நூல்களைப் புரட்டத் தேவையில்லை. யாழ்ப்பாணத்து வளவு ஒன்றில் ஒரு காலைப் பொழுது நின்றால் போதும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. மழை நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது. மனிதர்கள் கிணறு வெட்டி அதை எடுக்கிறார்கள். தோட்டத்துக்கு இறைக்கத் துலா. துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க ஒருவர், கீழே பட்டை பிடிக்க ஒருவர், வாய்க்காலில் தண்ணீர் மாற ஒருவர். வீட்டுத் தேவைக்குக் கப்பியும் வாளியும். கிணறு வளவின் ஒரு மூலையில், கக்கூஸ் மறு மூலையில். இரண்டும் அருகருகே இருந்தால் கிணறு கெட்டுவிடும் என்பதால் தள்ளித்தான் வைக்க வேண்டும். கக்கூசிலிருந்து வருகிறவர் அதே கையால் வாளிக் கயிற்றைப் பிடித்தாக வேண்டும், அல்லது செம்பின் விளிம்பைப் பிடித்தாக வேண்டும். ஒரு கை செம்பைச் சாய்த்தால் மற்றக் கை மட்டுமே நனையும். இரண்டு கையையும் சேர்த்துத் தேய்க்க வேண்டுமென்றால் தண்ணீர் ஊற்ற இன்னொருவர் வேண்டும். குழாய் உள்ள வீட்டில் இந்தச் சிக்கலே எழாது. குழாய் என்பது நீரைக் கொண்டுவரும் பொருள் மட்டுமல்ல, அது ஒரு மூன்றாவது கை. குழாய் இல்லாத கோடிக்கணக்கான வீடுகளில் அந்த மூன்றாவது கை இல்லாமலேயே ஒரு நூற்றாண்டு கழிந்தது. அது கடைசியில் முளைத்த இடம், ஆபிரிக்காவில் ஒரு கொடி.

1980 களின் சிம்பாப்வே. விடுதலை கிடைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தலைநகர் ஹராரேயின் பிளேர் ஆய்வுகூடம், ஈயையும் நாற்றத்தையும் காற்றோட்டக் குழாயால் வெல்லும் எளிய கழிப்பறையை ஏற்கெனவே கிராமங்களுக்குக் கொடுத்திருந்தது. கழிப்பறை வந்தது, அதன் பக்கத்தில் கை கழுவ வழி வரவில்லை. அந்த நாட்டில் சிவேஷே என்ற பகுதியில் இரட்சணிய சேனையின் மருத்துவராக இருந்தவர் ஜிம் வாட். சுற்றிலும் வீடு வீடாகத் தண்ணீர் மொள்ளவும் பால் வைக்கவும் உலர்ந்த சுரைக்குடுவை இருந்தது. சோனா மொழியில் அதற்கு முகோம்பே என்று பெயர். வயிறு பெருத்து, கழுத்து நீண்டு, கழுத்தும் உள்ளே குடைவாக இருக்கும் குடுவை. அதில் ஒரு சிறு துளை இட்டார்கள். கதையின் மிகப் பெரிய திருப்பம் அந்தத் துளையில் இருந்தது.

குடுவையின் வயிற்றில் தண்ணீர் நிரப்பி, கழுத்து மேல்நோக்கி இருக்கும்படி கயிற்றில் தொங்கவிட்டார்கள். சும்மா தொங்கும்போது ஒரு சொட்டும் விழாது. ஒரு விரலால் கழுத்தைக் கீழே சாய்த்தால் வயிற்று நீர் கொஞ்சம் குடைவான கழுத்துக்குள் ஓடிவரும். துளை வழியாக நூல் போல ஒழுகும். விரலை எடுத்தால் எடை மிகுந்த வயிறு கீழே இழுக்க, குடுவை தானாக நிமிர்ந்துவிடும். அதற்குள் இரண்டு கையும் நனைந்திருக்கும். திருகவோ மூடவோ ஒன்றுமில்லை. மறந்துபோய்த் திறந்து விட்டுவிட்டுப் போகவும் முடியாது. துலா இயங்கும் அதே எடைச் சமநிலைதான் இங்கும் வேலை செய்தது. அங்கே ஒரு மனிதனின் முழு எடை செய்ததை இங்கே ஒரு விரல் செய்தது. மூன்றாவது கை கிடைத்துவிட்டது. ஆனால் குடுவை உடைந்தது.

சுரைக்காய் பருவத்துக்குத்தான் காய்க்கும். காய்ந்த குடுவை ஈரத்தில் உளுத்தது, பிள்ளைகள் கையில் விழுந்து பிளந்தது. நகரத்துக் குடிசைப் பகுதியில் சுரைக்கொடிக்கு எங்கே போவது? அந்த நேரம் பார்த்து உலகம் முழுவதும் ஒரு புதிய குப்பை சேர்ந்துகொண்டிருந்தது. எண்ணெயும் பாலும் வந்த, கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கலன்கள். அவற்றின் கைப்பிடியும் உள்ளே குடைவுதான், சுரையின் கழுத்தைப் போலவே. கைப்பிடியின் அடியை மெழுகுதிரிச் சுடரில் காட்டி இளகச் செய்து, குறட்டால் நசுக்கி அடைத்தார்கள். அடைத்த இடத்துக்குச் சற்று மேலே காய்ச்சிய ஆணியால் ஒரு துளை. கலனின் பின்புறத்தில் கயிறு கோக்க இரண்டு துளைகள். மெழுகுதிரி, குறடு, ஆணி, கயிறு. கடையில் வாங்கவேண்டிய பொருள் அநேகமாக ஒன்றுமில்லை. இந்த வடிவத்தை ஜிம் வாட்டின் பெயரோடு சேர்த்துக் கையேடுகள் நாடு நாடாகக் கொண்டுபோயின. பேதியை விரட்ட இனிச் சவர்க்காரம் ஒன்றுதான் தேவை என்று நினைத்த அந்த ஆண்டுகளில்தான், குடாநாட்டில் சவர்க்காரமே அரும்பொருளானது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை இறுகியது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, பசளை, மருந்து என்று நீண்ட தட்டுப்பாட்டுப் பட்டியலில் சவர்க்காரமும் சேர்ந்தது. கிடைத்த கட்டியை நூலால் அறுத்துத் துண்டாக்கி, ஒரு துண்டைப் பலநாள் பாவித்தார்கள். அதுவும் தீர்ந்தபோது கைகொடுத்தது, குடாநாட்டின் எல்லாப் பஞ்சத்திலும் கைகொடுத்த அதே மரம். பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்பு ஊறவைத்து அடித்துத் தோய்த்தார்கள். நுரை வந்தது, ஊத்தை போனது. கொடியில் காயப்போட்ட வேட்டியிலும் சட்டையிலும் ஒட்டியிருந்த இனிப்பு மணத்துக்கு மாடுகள் வந்து சப்பித் தின்ற கதையை அந்தத் தலைமுறை இன்றும் சொல்லும். சேலை கந்தலாகிப்போன துயரமும், அதைச் சொல்லும்போது வரும் சிரிப்பும் ஒன்றாகத்தான் இருக்கும்.

பனம்பழம் எப்படி நுரைத்தது? பேரன் பேத்திகளுக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்த பாட்டிமார் காரணம் கேட்டதில்லை. காரணத்தைத் தேடியது ஆய்வுகூடம். இலங்கையின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பனங்களியைப் பிரித்துப் பார்த்தபோது அதில் சபோனின் வகைப் பொருள்கள் இருந்தன. பனையின் தாவரவியற் பெயரிலிருந்தே அவற்றுக்குப் ஃபிளாபெல்லிஃபெரின் என்று பெயர் வைத்தார்கள். பனங்காயைக் காறவைக்கும் கசப்பும் அவற்றிலிருந்தே வருகிறது. பூவந்திக் கொட்டையும் சீயக்காயும் நுரைப்பது இதே சபோனினால். அடுப்புச் சாம்பலில் இருப்பது வேறு, அது காரம். அந்த ஆண்டுகளில் கைக்கும் சட்டிக்கும் சாம்பல் போயிற்று, தலைக்கும் துணிக்கும் சபோனின் போயிற்று. வறுமையால் பிறந்த ஏற்பாடு என்று அதைக் கடந்துபோவது நியாயமில்லை. கடையே இல்லாத ஓர் ஊர் தன் சுத்தத்தைக் கைவிட மறுத்தது என்பதுதான் அதன் பொருள். அந்த மறுப்புக்கு மிகக் கொடிய சோதனை ஒரே இரவில் வந்தது.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் வெளியேறியது. இலட்சக்கணக்கானவர்கள் மழையில், இருட்டில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். பாடசாலை, கோயில், தேவாலயம், மரநிழல் எல்லாம் நிரம்பின. ஒரு குடும்பத்துக்கு வெட்டிய கிணற்றை எத்தனையோ குடும்பங்கள் சூழ்ந்தன. ஒரு பாடசாலைக் கழிப்பறைக்கு முன்னால் ஊரே வரிசையில் நின்றது. அங்கே தண்ணீரை ஒரு செம்பாக அல்ல, ஒரு மிடறாக அளந்து கொடுக்கும் கருவி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கருவி அப்போது உலகில் இருந்தது. யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதைகள்தான் அடைபட்டிருந்தன.

கடலுக்கு அப்பால், பாகிஸ்தானின் கராச்சியில், 2002 ஏப்ரலில் இன்னொரு சோதனை தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் ஸ்டீவன் லூபி என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வீடுகளை மூன்றாகப் பிரித்தார்கள். முந்நூறு வீடுகளுக்குக் கிருமிநாசினி கலந்த விலை கூடிய சவர்க்காரம், முந்நூறு வீடுகளுக்கு வெறும் சாதாரணச் சவர்க்காரம், மீதிக்கு வேறு பொருள்கள். சவர்க்காரத்தை வழங்கியது அதைத் தயாரிக்கும் பெருநிறுவனமே. கிருமிநாசினிக் கட்டி எவ்வளவு தூரம் முந்துகிறது என்று பார்ப்பது ஒரு நோக்கம். ஓராண்டு முழுவதும் களப்பணியாளர்கள் வாரந்தோறும் கதவைத் தட்டி, எந்தப் பிள்ளைக்கு வயிற்றோட்டம், எந்தப் பிள்ளைக்கு இருமல் என்று குறித்தார்கள். 2005 இல் முடிவு வெளியானது. அதை வாசித்தவர்களுக்கு இரண்டு வியப்புகள் காத்திருந்தன.

முதல் வியப்பு: விலை கூடிய கட்டியும் விலை குறைந்த கட்டியும் ஒரே பலனைத்தான் தந்தன. நோயைத் தடுத்தது கட்டிக்குள் கலந்த மருந்து அல்ல, தேய்த்துக் கழுவிய செயல். ஏழை வீட்டுக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. இரண்டாவது வியப்பு இன்னும் பெரிது. பதினைந்து வயதுக்குட்பட்டோரிடம் வயிற்றோட்டம் 53 வீதம் குறைந்தது எதிர்பார்த்ததுதான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியாவும் பாதியாகக் குறைந்திருந்தது. மூச்சில் வரும் நோயைக் கை எப்படித் தடுக்கும்? கைதான் மூக்கையும் கண்ணையும் வாயையும் தொட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த விடையை உலகம் முழுவதும் விளங்கிக்கொள்ள இன்னும் பதினைந்து ஆண்டுகள் எடுத்தன.

சாதாரணச் சவர்க்காரம் போதும் என்றாயிற்று. அந்தச் சாதாரணக் கட்டியாவது கழிப்பறைக்குப் பக்கத்தில் தங்குமா? தங்கவில்லை. பங்களாதேஷின் வீடுகளில் ஆய்வாளர்கள் கண்டது, நம் வீடுகளிலும் எவரும் காணக்கூடியதுதான். கட்டி குளிக்கும் இடத்தில் இருக்கும், உடுப்புத் தோய்க்கும் இடத்தில் இருக்கும், விருந்தாளிக்கென்று அலுமாரிக்குள் இருக்கும். வெளியே வைத்தால் களவு போகும், மழையில் கரையும், பிள்ளைகள் விளையாடித் தீர்ப்பார்கள். காகமும் தூக்கிக்கொண்டு போகும். டாக்காவின் சர்வதேச வயிற்றோட்ட நோய் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள் இதற்குக் கண்ட வழியைப் பார்த்தால், இவ்வளவு எளியதை ஏன் இத்தனை காலம் எவரும் செய்யவில்லை என்றே தோன்றும். ஒன்றரை லீற்றர் வெற்றுப் போத்தலில் தண்ணீர் நிரப்பி, உடுப்புத் தோய்க்கும் தூள் 30 கிராம் போட்டுக் குலுக்கினார்கள். மூடியில் ஒரு துளை. அவ்வளவுதான். ஒரு கட்டியைத் திருடுகிறவர் இருக்கலாம். சவர்க்காரத் தண்ணீரைத் திருடுகிறவர் இல்லை. காகத்துக்கும் அதில் வேலையில்லை. ஆனால் அந்தப் போத்தலைத் தொடும் கையிலும், கலனைச் சாய்க்கும் விரலிலும் அழுக்கு ஒட்டத்தான் செய்தது. கழுவிய கை மறுபடி அதைத் தொட்டால்?

விரலுக்குப் பதில் கால் வந்தது. கலனின் கழுத்தில் கட்டிய கயிற்றைக் கீழே ஒரு தடியில் முடிந்து, தடியின் மறு முனையைத் தரையில் படியவிட்டார்கள். பாதத்தால் தடியை அழுத்தினால் கயிறு இழுக்கும், கலன் சாயும், நீர் ஒழுகும். கை தொடுவது சவர்க்காரத்தை மட்டுந்தான்; அதுவும் நுரையோடு கழுவப்பட்டுவிடும். மகாராஷ்டிராவின் பஞ்ச்கனி மலையூரில் இயங்கும் கிராம்பரி என்ற ஊரக அமைப்பு இந்தக் கால்மிதி வடிவத்தைப் பாடசாலைகளிலும் கிராமங்களிலும் கட்டி, படம் வரைந்து, எவரும் இலவசமாகப் பார்த்துச் செய்யும்படி உலகத்துக்கு வைத்தது. செம்பால் கழுவினால் 500 மில்லிலீற்றர் செலவாகும் இடத்தில் இது 40 மில்லிலீற்றரில் முடிக்கிறது என்பது அந்தப் படங்களோடு பரவிய கணக்கு. ஐந்து லீற்றர் கலன் ஒன்றில் செம்பால் கழுவினால் பத்துப் பேர் கழுவலாம். கால்மிதியால் கழுவினால் 125 பேர். கோடையில் கிணற்றின் அடி தெரியும் ஊருக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

கருவி முழுமையடைந்துவிட்டது என்றே எல்லோரும் நம்பினார்கள். மிகவும் வலித்த தோல்வி அதற்குப் பிறகுதான் வந்தது. கட்டிக்கொடுத்த கலன்கள் வெயிலில் வெடித்தன, கயிறு இற்றது, நிரப்ப ஆளில்லாமல் காய்ந்து தொங்கின. கிருமியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த இடங்களிலும் கைகள் கழுவப்படவில்லை. தெரிவது வேறு, செய்வது வேறு. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் மாவட்டத்தில், லண்டனைச் சேர்ந்த வலெரி கேர்ட்டிசும் அவருடைய குழுவினரும் 14 கிராமங்களில் வேறு பாதையை எடுத்தார்கள். கிருமி, நோய், மரணம் என்ற பேச்சையே விட்டுவிட்டார்கள். அருவருப்பையும் தாய்ப் பாசத்தையும் தொட்டார்கள். பிள்ளையை நல்ல பழக்கத்தோடு வளர்க்கும் ‘சூப்பர் அம்மா’ என்ற பாத்திரத்தைக் கதையிலும் நாடகத்திலும் ஊருக்குள் நடமாடவிட்டார்கள். தொடக்கத்தில் முக்கிய வேளைகளில் சவர்க்காரம் போட்டுக் கழுவியவர்கள் நூற்றுக்கு ஒருவர், இருவர். ஆறு மாதத்தில் கதை சொன்ன கிராமங்களில் அது 37 வீதம், சொல்லாத கிராமங்களில் 6 வீதம். 2014 இல் வெளியான இந்த முடிவு, கலனைக் கட்டுகிறவர்களுக்கு ஒரு பாடத்தைத் தந்தது. கருவி கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். அதை நிரப்புவது ஒருவருடைய கௌரவமாக இருக்க வேண்டும்.

அந்த ஆண்டுகளில் குடாநாடு வேறொரு அதிர்ச்சியில் இருந்தது. சுன்னாகத்தைச் சூழ்ந்த ஊர்களில் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தது. தலைமுறை தலைமுறையாகக் குடித்த கிணறு கண்ணெதிரே இருக்க, பவுசர் கொண்டுவந்து தாங்கியில் நிரப்பும் தண்ணீருக்கு மக்கள் காத்திருந்தார்கள். வாளியால் அள்ளி ஊற்றிய கை முதன்முறையாகத் தண்ணீரை எண்ணத் தொடங்கியது. குடிக்க எவ்வளவு, சமைக்க எவ்வளவு, கழுவ எவ்வளவு. கழுவுவதற்கென்று வைத்த பங்குதான் எப்போதும் முதலில் சுருங்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே 40 மில்லிலீற்றர் என்ற எண் ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுவரிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படவில்லை. கை கழுவுவதை ஊர் முழுவதும் கட்டாயமாக்கியது ஒரு நோய்.

2020 மார்ச். கொரோனாத் தொற்றால் நாடு முழுவதும் ஊரடங்கு. யாழ்ப்பாணத்தில் கடைகள் மீண்டும் திறந்தபோது ஒவ்வொரு வாசலிலும் ஒரு வாளி, ஒரு சவர்க்காரப் போத்தல். கை கழுவாமல் உள்ளே போக முடியாது. வெல்டிங் பட்டறைகளில் இரும்புச் சட்டத்தில் கால்மிதி பொருத்தித் தொட்டி செய்தார்கள். ஜப்பானின் லிக்சில் நிறுவனம் அதே ஆண்டில், வெற்றுப் பிளாஸ்டிக் போத்தலைச் செருகி, கை அதிகம் படாமல் நீர் ஒழுகச் செய்யும் சிறு சாதனம் ஒன்றை அறிவித்தது. கராச்சியில் நிமோனியா பாதியானது ஏன் என்ற கேள்விக்கு இப்போது சின்னப் பிள்ளையும் விடை சொன்னது. குழாய் எட்டாத இடங்களில் இரண்டு கவர்த்தடி நட்டு, குறுக்கே ஒரு கம்பு போட்டு, பழைய எண்ணெய்க் கலனைத் தொங்கவிட்டார்கள். கீழே ஒரு மிதிதடி. பக்கத்தில் கயிற்றில் ஆடும் சவர்க்காரம்.

பாடசாலை வாசலிலும் முன்பள்ளி முற்றத்திலும் எவரும் திரும்பிப் பார்க்காமல் மிதித்துக் கழுவிவிட்டுப் போகும் அந்தக் கலனின் பிறப்பு இப்படிப்பட்டது. அதன் பிளாஸ்டிக் கைப்பிடிக்கு முன் பிறப்பில் ஒரு சுரைக் கழுத்து இருந்தது. அதன் பக்கத்தில் நிற்கும் நுரைப் போத்தல் டாக்காவில் பிறந்தது, கால்மிதி மேற்குத் தொடர்ச்சி மலையூர் வழியாக நடந்து வந்தது. கழுவத்தான் வேண்டும் என்ற கட்டளைக்கு ஒரு பேராசிரியர் உயிரைக் கொடுத்திருந்தார். தொற்றுக் காலம் தணிந்ததும் வாசல்களில் பல கலன்கள் காய்ந்துபோயின. அவற்றைக் கழற்றி எறிவதைவிடப் பாடசாலைக் கழிப்பறைக்கும் சத்துணவு உண்ணும் இடத்துக்கும் பக்கத்தில் மாற்றிக் கட்டுவது அதிபர்களும் பெற்றோரும் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய வேலை. வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் கடை வாசலுக்கு வருவதில்லை. அவை கழிப்பறையிலிருந்து சோற்றுத் தட்டுக்குப் போகின்றன.

2015 இல் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் கை கழுவும் வசதி முதன்முறையாக ஓர் அளவுகோலாக இடம்பெற்றது. அதை அளக்கும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் எது வசதி, எது வசதியல்ல என்று வரையறுத்துள்ளன. வீட்டுக்குள் குழாய் வைத்த தொட்டி சேரும், குழாய் பொருத்திய வாளி சேரும், தொங்கிக் கவிழும் கலனும் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்டிருக்கிறது. சவர்க்காரம் என்பதில் கட்டியும் தூளும் திரவமும் சவர்க்காரத் தண்ணீரும் அடங்கும். சாம்பலும் மண்ணும் மணலும் அடங்கா. இந்த வரையறைப்படி எண்ணியபோது, வீட்டில் தண்ணீரும் சவர்க்காரமும் சேர்ந்த கை கழுவும் இடம் இல்லாதவர்கள் உலகில் 300 கோடிப் பேர் என்று 2019 இன் அறிக்கை சொன்னது. பழைய எண்ணெய்க் கலன் ஒன்றையும் தோய்க்கும் தூள் கரைத்த போத்தல் ஒன்றையும் கட்டித் தொங்கவிட்டிருக்கும் வீடு அந்த 300 கோடிக்குள் வராது. பளிங்குத் தொட்டி பதித்த வீட்டோடு ஒரே நிரலில், அடிப்படை வசதி உள்ள வீடு என்றே அது பதியப்படும்.